உறுப்பினரே உரிமையாளர்: ஒரு பரஸ்பரக் காப்புறுதிச் சங்கத்தின் வளர்ச்சியும் வீழ்ச்சியும்

தோட்டப்புறங்களில் வாழும் நம் மக்களுக்கு ‘மரண சகாய நிதி’ என்பது புதிய பெயரன்று. குடும்பத்திற்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் செலுத்தி வருகிறோம். உறுப்பினர் வீடொன்றில் சாவு நேரிட்டால், அப்பொது நிதியிலிருந்து ஈமச் செலவுக்கென ஒரு தொகை உடனே அக்குடும்பத்தாரின் கைக்குச் சென்று சேர்கிறது. இந்நிதிக்கு முதலாளி என்று தனியே எவரும் இலர். இதிலிருந்து இலாபம் எடுத்துச் செல்வாரும் இலர். கொடுப்பவர்களும் நாமே, பெறுபவர்களும் நாமே.

இதே கொள்கையைப் பெரிய அளவில், சட்டப்படியும் கணக்குப்படியும் நடத்துகின்ற அமைப்புக்கே ‘பரஸ்பரக் காப்புறுதிச் சங்கம்’ என்று பெயர். காப்புறுதி நிறுவனங்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில், பங்குதாரர்கள் முதல் போட்டு நிறுவனத்தைத் தொடங்குகின்றனர். காப்புறுதிப் பத்திரம் எடுப்பவர் அங்கே வாடிக்கையாளர். இலாபம் வந்தால் அது பங்குதாரர்களுக்கு உரியது. நட்டம் வந்தாலும் முதலில் கரைவது அவர்கள் போட்ட முதலே. இரண்டாம் வகையாகிய பரஸ்பரச் சங்கத்தில் பங்குதாரர் என்போர் இல்லை. பத்திரம் எடுத்தவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே உரிமையாளர்கள். மிச்சம் வந்தால் அது அவர்களுடையது. நட்டம் வந்தால் அதுவும் அவர்களுடையதே.

மிச்சம் நமக்கே என்னும்போது நாம் மகிழ்கிறோம். நட்டமும் நமக்கே என்பதை மறந்துவிடுகிறோம். அம்மறதி எத்தகைய துன்பத்தைக் கொண்டுவரும் என்பதை, இங்கிலாந்து நாட்டில் 1762ஆம் ஆண்டில் தோன்றிய ‘எக்விட்டபிள்’ என்னும் ஆயுள் காப்புறுதிச் சங்கத்தின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது. உலகின் மிகப் பழமையான பரஸ்பர ஆயுள் காப்புறுதிச் சங்கம் என்று பெருமையுடன் கூறிக்கொண்ட சங்கம் அது. அதன் கதையை இக்கட்டுரையில் காண்போம்.

எல்லாருக்கும் ஒரே சந்தா

எக்விட்டபிள் தோன்றுவதற்கு முன்பே இலண்டன் மாநகரில் ‘அமிக்கபிள்’ என்றொரு சங்கம் இருந்தது. அமிக்கபிள் என்னும் சொல்லுக்கு நட்புடைய என்பது பொருள். 1706ஆம் ஆண்டில் ஆன் அரசியாரிடம் சாசனம் பெற்று அது நிறுவப்பட்டது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரே அளவான சந்தாவைச் செலுத்தினர். அவ்வாறு சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி, அவ்வாண்டில் இறந்துபோன உறுப்பினர்களின் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் மரண சகாய நிதியின் மூத்த உறவினர் என்றே இதனைக் கருதலாம்.

ஆயினும் இம்முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஓராண்டில் பலர் இறந்துவிட்டால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிவிடும். காய்ச்சல் பரவும் ஆண்டில்தான் குடும்பங்களுக்கு உதவி மிகுதியாகத் தேவைப்படும். அதே ஆண்டில்தான் கிடைப்பதும் குறையும். மற்றொன்று, இளையவரும் மூத்தவரும் ஒரே சந்தாவைச் செலுத்தினர். மூத்தவர் விரைவில் இறக்கக்கூடும் என்பதால், வயது முதிர்ந்தவர்களைச் சேர்த்தால் இளையவர்களுக்கு இழப்பு. எனவே வயது மிகுந்தவர்களைச் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. குடும்பத்தைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படும் வயதில் இருந்தவருக்கே கதவு அடைக்கப்பட்டிருந்தது.

அவ்வாறு கதவடைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் டாட்சன் என்னும் கணித ஆசிரியர். நாற்பத்தைந்து வயதைக் கடந்துவிட்ட அவரை அமிக்கபிள் சங்கம் ஏற்கவில்லை. வேறொருவராக இருந்தால் மனம் நொந்து திரும்பியிருப்பார். டாட்சனோ கணிதம் கற்பிப்பவர். வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்குப் பதிலாக, அவருடைய வயதுக்கு ஏற்ற சந்தாவைக் கணக்கிட்டு வாங்கினால் என்ன என்று அவர் சிந்தித்தார். அக்கேள்வியிலிருந்தே இன்றைய ஆயுள் காப்புறுதி பிறந்தது எனலாம்.

கணக்கிலிருந்து பிறந்த காப்புறுதி

ஒரு தனி மனிதர் எப்போது இறப்பார் என்பதை எவராலும் கூற இயலாது. ஆனால், ஒரே வயதினராகிய ஆயிரம் பேரில் ஓராண்டில் ஏறத்தாழ எத்தனை பேர் இறப்பர் என்பதைப் பழைய இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு மதிப்பிட இயலும். வானியல் அறிஞரான எட்மண்ட் ஹாலி 1693ஆம் ஆண்டிலேயே பிரெஸ்லாவு நகரத்தின் பதிவுகளைக் கொண்டு அத்தகைய ஓர் அட்டவணையை வெளியிட்டிருந்தார். டாட்சன் இலண்டன் நகரத்து இறப்புக் கணக்குகளைக் கொண்டு, ஒவ்வொரு வயதுக்கும் உரிய சந்தாவை வகுத்தார்.

அவர் வகுத்த முறையின் சிறப்பு, ஒருவர் சேரும்போது எந்தச் சந்தாவைச் செலுத்தத் தொடங்குகின்றாரோ அதே சந்தாவை இறுதிவரை செலுத்தலாம் என்பதாகும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இங்கே தரப்படும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்டவை.

ஒவ்வோர் உறுப்பினருக்கும் 1,000 வெள்ளி காப்புறுதி என்று கொள்வோம். முப்பது வயதினர் ஆயிரம் பேரில் ஓராண்டில் 3 பேர் இறந்தால், அவர்களுடைய குடும்பங்களுக்குத் தரவேண்டியது 3,000 வெள்ளி. ஆளுக்கு 3 வெள்ளி தண்டினால் போதும். ஐம்பது வயதில் ஆயிரத்துக்கு 10 பேர் இறந்தால், ஆளுக்கு 10 வெள்ளி. எழுபது வயதில் 40 பேர் இறந்தால், ஆளுக்கு 40 வெள்ளி. உழைத்துப் பொருளீட்டும் வயதில் 3 வெள்ளியும், உழைக்க முடியாத வயதில் 40 வெள்ளியும் கட்டவேண்டும் என்றால், எந்த முதியவரால் கட்ட முடியும்? ஆகவே, தொடக்கத்திலிருந்தே ஆண்டுக்கு 12 வெள்ளி என்று ஒரே அளவாக வாங்கிவிடுகின்றனர். இளமையில் செலுத்தும் 12 வெள்ளியில் 3 வெள்ளி போக, மீதி 9 வெள்ளி வட்டியோடு வளர்ந்து, முதுமையில் ஏற்படும் பற்றாக்குறையை ஈடு செய்கிறது.

இங்கேதான் நாம் ஓர் உண்மையை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த 9 வெள்ளி இலாபமன்று. சங்கத்தின் பெட்டியில் பணம் குவிந்து கிடப்பதைப் பார்ப்பவர், சங்கம் செழிக்கிறது என்று எண்ணக்கூடும். உண்மையிலோ அது நாளைக்குக் கொடுக்கவேண்டிய கடன். எவ்வளவு கடன், எவ்வளவு உண்மையான மிச்சம் என்று பிரித்துச் சொல்வதுதான் காப்புறுதிக் கணக்கின் உயிர்நாடி.

சங்கத்தின் தோற்றம்

டாட்சன் தம் கனவு நனவாவதைக் காணவில்லை. 1757ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய கருத்தை ஏற்றவர்கள் அரச சாசனம் வேண்டி விண்ணப்பித்தனர். வெறும் இறப்பு அட்டவணையை நம்பி ஒரு சங்கம் நிலைத்து நிற்குமா என்று அரசாங்கத்தின் சட்ட அதிகாரிகள் ஐயுற்றனர். 1761ஆம் ஆண்டில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. எனினும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. எட்வர்ட் ரோ மோர்ஸ் என்பவரின் முயற்சியால், தங்களுக்குள்ளேயே ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொண்டு, 1762ஆம் ஆண்டில் எக்விட்டபிள் சங்கத்தைத் தொடங்கினர். எக்விட்டபிள் என்றால் நியாயமான என்பது பொருள். வயதுக்கேற்ற நியாயமான சந்தா என்பதே அப்பெயரின் கருத்து. காப்புறுதிக் கணக்கு வல்லுநரைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஆக்சுவரி’ என்னும் பதவிப் பெயரும் இச்சங்கத்திலேதான் முதன்முதலாக இப்பொருளில் வழங்கலாயிற்று.

1775ஆம் ஆண்டில் வில்லியம் மோர்கன் என்பவர் அப்பதவிக்கு வந்தார். 1830ஆம் ஆண்டுவரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அவர் அப்பொறுப்பில் இருந்தார். சங்கத்தின் சொத்து எவ்வளவு, வருங்காலத்தில் கொடுக்கவேண்டியது எவ்வளவு என்பதைக் காலந்தோறும் முறையாக மதிப்பிடும் வழக்கத்தை அவர் நிலைநாட்டினார். அம்மதிப்பீட்டில் உண்மையான மிச்சம் இருப்பது தெரியவந்தது. மிச்சம் ஏற்பட்டதற்குக் காரணம் இருந்தது. சங்கம் பின்பற்றிய நார்தாம்டன் அட்டவணை, மக்கள் உண்மையில் இறப்பதைவிட மிகுதியாக இறப்பர் என்று கணித்திருந்தது. உறுப்பினர்கள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் வாழ்ந்தனர். சந்தாவும் நீண்ட காலம் வந்துகொண்டிருந்தது.

மிச்சம் யாருக்கு?

பங்குதாரர் இல்லாத சங்கத்தில் மிச்சம் உறுப்பினர்களுக்கே உரியது. ஆனால், அதனை எப்போது, எப்படி, எவ்வளவு கொடுப்பது? மோர்கன் காலத்துச் சங்கம் இதற்குக் கண்ட வழி ‘போனஸ்’ என்பதாகும். மிச்சத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், ஒவ்வொருவருடைய காப்புறுதித் தொகையோடும் கூட்டி எழுதினர். 1,000 பவுனுக்குப் பத்திரம் வைத்திருந்தவருடைய குடும்பம், அவர் இறந்த பிறகு அதற்கும் மேலான தொகையைப் பெற்றது. ஒருமுறை கூட்டி எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே போனஸ் அறிவிப்பதில் மோர்கன் பெரும் எச்சரிக்கையைக் கையாண்டார். மிச்சம் முழுவதையும் உடனே பங்கிட்டுத் தரவேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் வற்புறுத்தியபோதும் அவர் இணங்கவில்லை.

சங்கத்தின் செல்வம் பெருகிய செய்தி பரவியதும் வேறொரு சிக்கல் எழுந்தது. பல ஆண்டுகளாக மற்றவர்கள் சேர்த்து வைத்த மிச்சத்தில் பங்கு பெறலாம் என்ற எண்ணத்தோடு புதியவர்கள் திரண்டு வந்து சேரத் தொடங்கினர். நேற்று வந்தவரும் நாற்பது ஆண்டு சந்தா கட்டியவரும் ஒரே பந்தியில் உட்காருவதா என்ற கேள்வி பிறந்தது. 1816ஆம் ஆண்டில் சங்கம் ஒரு விதியை இயற்றியது. மிக மூத்த 5,000 பத்திரங்களுக்கு மட்டுமே போனஸில் பங்குண்டு. புதியவர்கள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். இவ்விதியால் மூத்த உறுப்பினர்களின் உரிமை காக்கப்பட்டது, ஆனால் புதிதாகச் சேர்வோர் குறைந்தனர், சங்கம் சுருங்கியது. இன்றைய உறுப்பினர், நேற்றைய உறுப்பினர், நாளைய உறுப்பினர் ஆகிய மூவருக்கும் இடையே நியாயம் வழங்குவதே பரஸ்பரச் சங்கத்தின் மிகக் கடினமான பணி என்பதற்கு இது சான்றாகும்.

பிற்காலத்தில் அவ்விதி கைவிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் எக்விட்டபிள் மீண்டும் வளர்ந்தது. தரகர்களுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை என்ற கொள்கையை அது கடைப்பிடித்து வந்தது. அதனால் செலவு குறைந்தது. உறுப்பினர்களுக்குச் சேரவேண்டியது கூடியது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், அரசு ஊழியர்கள் எனப் பலரும் தங்கள் முதுமைக்காலச் சேமிப்பை நம்பிக்கையுடன் அதனிடம் ஒப்படைத்தனர்.

ஒரு வாக்குறுதியின் விலை

இறப்புக்குக் காப்புறுதி அளித்து வந்த சங்கம், முதுமைக்கும் காப்புறுதி அளிக்கலாயிற்று. உழைக்கும் காலம் முழுவதும் உறுப்பினர் பணம் செலுத்துவார். ஓய்வு பெறும் நாளில் அவருடைய கணக்கில் ஒரு பெருந்தொகை சேர்ந்திருக்கும். அத்தொகையை அவர் சாகும்வரை ஆண்டுதோறும் கிடைக்கும் ஓய்வூதியமாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு நூறு பவுன் சேமிப்புக்கும் ஆண்டுக்கு எத்தனை பவுன் ஓய்வூதியம் என்பதை ‘விகிதம்’ என்போம். வட்டி உயர்ந்திருக்கும் காலத்தில் இவ்விகிதம் உயரும். வட்டி விழுந்தால் குறையும். மக்கள் நீண்ட காலம் வாழத் தொடங்கினாலும் குறையும்.

1957ஆம் ஆண்டு தொடங்கி 1988ஆம் ஆண்டுவரை விற்ற ஓய்வுக்காலப் பத்திரங்களில், விகிதம் இந்த அளவுக்குக் கீழே போகாது என்று எக்விட்டபிள் எழுத்தில் உத்தரவாதம் தந்தது. 1970களிலும் 1980களிலும் இங்கிலாந்தில் வட்டி மிக உயர்ந்திருந்தது. சந்தையில் கிடைத்த விகிதமே உத்தரவாத விகிதத்தைவிடக் கூடுதலாக இருந்ததால், அந்த வாக்குறுதியை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சங்கமும் எண்ணவில்லை. மழை பெய்யாத காலத்தில் கூரையின் ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை.

1990களில் வட்டி விழுந்தது. 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சந்தை விகிதம் உத்தரவாத விகிதத்துக்கும் கீழே இறங்கியது. வாக்குறுதி விழித்தெழுந்தது.

இதனையும் ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒருவருடைய சேமிப்பு 100,000 பவுன் என்றும், உத்தரவாத விகிதம் நூற்றுக்கு 10 என்றும், சந்தை விகிதம் நூற்றுக்கு 8 என்றும் கொள்வோம். உத்தரவாதம் உடையவருக்கு ஆண்டுக்கு 10,000 பவுன் தரவேண்டும். உத்தரவாதம் இல்லாதவருக்கு 8,000 பவுன் போதும். கூடுதலான 2,000 பவுன் எங்கிருந்து வரும்? பங்குதாரர்களின் முதல் இருந்தால் அதிலிருந்து வரலாம். எக்விட்டபிளில் பங்குதாரர் இல்லை. வேறு உறுப்பினர்களின் பணத்திலிருந்தே அது வரவேண்டும்.

இயக்குநர்கள் ஓர் உபாயம் செய்தனர். சேமிப்பின் ஒரு பகுதி, ஓய்வு பெறும் நாளில் தங்கள் விருப்பப்படி வழங்கும் இறுதிப் போனஸாக இருந்தது. உத்தரவாத விகிதத்தைக் கேட்பவருக்கு அப்போனஸைக் குறைத்து, அவருடைய சேமிப்பை 100,000 என்பதற்குப் பதிலாக 80,000 பவுன் என்று கணக்கிட்டனர். அதற்கு நூற்றுக்கு 10 விகிதம் கொடுத்தால் 8,000 பவுன். எல்லாரும் சமமாகிவிட்டனர். உறுப்பினர் அனைவரும் உரிமையாளர்களாக இருக்கையில், ஒரு சாராருக்குக் கூட்டிக் கொடுப்பதற்காக மறு சாராரின் பங்கைக் குறைப்பது நியாயமன்று என்பது இயக்குநர்களின் வாதம். அவ்வாதத்தில் பொருளில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால், இந்த உத்தரவாதத்தை நம்பி முப்பது ஆண்டுகள் பணம் கட்டியவர் கேட்டார்: ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கினால், நீங்கள் எழுதித் தந்ததற்கு என்ன மதிப்பு?

தீர்ப்பும் அதன் விளைவும்

வழக்கு நீதிமன்றம் சென்றது. 1999ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. இறுதியாக 2000ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள், பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கூறினர். போனஸ் வழங்குவதில் இயக்குநர்களுக்கு உள்ள உரிமையை, சங்கம் தானே தந்த உத்தரவாதத்தைப் பயனற்றதாக்குவதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கூடுதல் செலவை உத்தரவாதம் உடையவர்களின் தலையிலேயே தனியே கட்டிவிடவும் வழியில்லாமற்போயிற்று.

இவ்வாறு உத்தரவாதம் உடையவர்கள் சுமார் 90,000 பேர். அவர்களுக்குத் தரவேண்டிய கூடுதல் தொகை ஏறத்தாழ 150 கோடி பவுன் என்று மதிப்பிடப்பட்டது. கையிருப்பு இருந்திருந்தால் அச்சுமையைத் தாங்கியிருக்கலாம். ஆனால் எக்விட்டபிளின் கொள்கை வேறாக இருந்தது. சென்ற தலைமுறையின் மிச்சத்தை முடக்கி வைக்காமல், ஈட்டியது அனைத்தையும் இன்றைய உறுப்பினர்களுக்கே பகிர்ந்து தருகிறோம் என்று அது விளம்பரம் செய்து வந்தது. கேட்பதற்கு இனிமையான கொள்கை. மோர்கன் உறுப்பினர்களின் வற்புறுத்தலுக்கு இணங்காமல் காத்துவந்த எச்சரிக்கை, அவருடைய சங்கத்திலேயே கைவிடப்பட்டுவிட்டது.

பால் மரத்தை அறிந்த நமக்கு இதனை எளிதில் விளங்கிக்கொள்ள முடியும். பட்டையை மெல்லியதாகச் சீவி, வெட்டிய பக்கத்தில் புதுப்பட்டை வளர இடம் கொடுத்தால் மரம் பல்லாண்டு பால் தரும். இன்றைக்குக் கூடுதலாகப் பால் வேண்டும் என்று பட்டையை ஆழமாக வெட்டினால், மரத்தில் காயம் விழும்; அன்றைக்கு வாளி நிறையும்; பின்னாளில் வெட்டப் பட்டை இராது.

சங்கம் தன்னையே விற்றுவிட முன்வந்தது. வாங்குவார் இல்லை. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதை அது நிறுத்திக்கொண்டது. மறு ஆண்டில் அதன் ஊழியர்களையும் விற்பனைப் பிரிவையும் ஹாலிபாக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் ஓய்வுக்காலப் பத்திரங்களின் மதிப்பு 16 விழுக்காடு குறைக்கப்பட்டது. நூறு பவுன் என்று நம்பியிருந்தவருக்கு 84 பவுன்தான் என்று கடிதம் வந்தது. ஓய்வு பெறும் வாயிலில் நின்றவர்களுக்கு அக்கடிதம் எத்தகைய இடியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2002ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. உத்தரவாதம் உடையவர்கள் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகத் தங்கள் பத்திர மதிப்பில் 17.5 விழுக்காடு உயர்வைப் பெற்றுக்கொண்டனர்.

யார் பொறுப்பு?

பென்ரோஸ் பிரபு தலைமையில் நடைபெற்ற விசாரணையின் அறிக்கை 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சங்கத்தின் துன்பத்துக்கு முதற்காரணம் சங்கமே என்பது அதன் முடிவு. பல ஆண்டுகளாகக் கையில் இருந்த சொத்தைவிடக் கூடுதலான மதிப்பை உறுப்பினர்களின் பெயரில் சங்கம் அறிவித்து வந்துள்ளது என்பது அதில் வெளிப்பட்டது. 1991ஆம் ஆண்டிலிருந்து 1997ஆம் ஆண்டுவரை சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவரே கணக்கு வல்லுநராகவும் இருந்துள்ளார். செலவு செய்பவரும் அச்செலவு சரிதானா என்று பார்ப்பவரும் ஒருவராகவே இருந்தால், தவற்றைச் சுட்டிக்காட்டுவார் யார்? மற்ற இயக்குநர்களுக்கோ கணக்கின் நுட்பங்களை விளங்கிக்கொண்டு வினவும் ஆற்றல் போதவில்லை.

கண்காணிக்க வேண்டிய அரசாங்கத் துறைகளும் தம் கடமையில் தவறின என்று 2008ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரி அறிக்கை அளித்தார். 2010ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் 150 கோடி பவுன் இழப்பீடு வழங்க முடிவு செய்தது. ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்தவர்களுள் ஒரு பிரிவினருக்கு முழு இழப்பையும் ஈடு செய்ய முற்பட்டனர். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது, இழந்த ஒவ்வொரு நூறு பவுனுக்கும் 22 பவுன் 40 பென்ஸ் மட்டுமே. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், எஞ்சியிருந்த பத்திரங்களில் பெரும்பாலானவை ‘அட்மோஸ்ட்’ என்னும் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. 1762ஆம் ஆண்டில் தொடங்கிய உறுப்பினர் உரிமை அத்துடன் முடிவுற்றது.

நாம் கற்கவேண்டியவை

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, பரஸ்பரச் சங்கங்களே ஆகாதவை என்ற முடிவுக்கு நாம் வந்துவிடக்கூடாது. உலகின் பல நாடுகளில் அத்தகைய சங்கங்கள் உறுப்பினர்களுக்கு நன்மை செய்து வருகின்றன. பலர் சேர்ந்து சிறு தொகையால் பெரிய காரியத்தைச் சாதிக்கலாம் என்பதை நம் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் தலைமையில் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கியது. எக்விட்டபிள் வீழ்ந்தது உறுப்பினர்கள் உரிமையாளர்களாக இருந்ததால் அன்று. உரிமையாளர்கள் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேளாமல் இருந்ததால்.

நம் நாட்டில் வேலையிடத்து விபத்துக்கும் உடல் ஊனத்துக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சொக்சோ பாதுகாப்பு அளிக்கிறது. ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களுக்கு, உறுப்பு நிறுவனம் நொடித்துப்போனால், மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகம் வரையறுக்கப்பட்ட அளவுக்குப் பாதுகாப்பு அளிக்கும் முறை 2010ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இவை நமக்குப் பெருந்துணை. எனினும், தோட்டத்து மரண சகாய நிதிக்கும் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சேமிப்புக்கும் அத்தகைய காவல் இல்லை. அங்கே காவலர் நாமே.

ஆகையால், காப்புறுதிப் பத்திரம் எடுக்கும்போதும், ஒரு நிதியில் உறுப்பினராகச் சேரும்போதும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்போமாக. இதில் எனக்கு எழுத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு? நிர்வாகத்தின் விருப்பப்படி கிடைக்கக்கூடியது எவ்வளவு? இவ்விரண்டும் வெவ்வேறானவை. முகவர் வாயால் கூறுவதை எழுத்தில் காட்டச் சொல்வோம். எதிர்பாராத ஆண்டுக்கென ஒதுக்கிய கையிருப்பு உண்டா? கணக்கை எழுதுபவர் வேறு, தணிக்கை செய்பவர் வேறு என்ற ஏற்பாடு இருக்கிறதா? ஆண்டுக் கூட்டம் ஒழுங்காக நடைபெறுகிறதா? நாம் அதற்குச் செல்கிறோமா?

ஆண்டுக் கூட்டத்தில், ‘இவ்வளவு பணத்தை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்? தீபாவளிக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் என்ன?’ என்று ஒருவர் எழுந்து கேட்பதுண்டு. கேட்பவருடைய எண்ணம் நல்லதே, பணமும் அவருடையதே. ஆனால், அதே பணம் நாளை துன்புறப்போகும் ஒரு குடும்பத்துக்கு நாம் தரவேண்டிய கடனுமாகும். அக்குடும்பம் எது என்று இன்று எவருக்கும் தெரியாது. அது நம் குடும்பமாகவும் இருக்கலாம். அதனை எண்ணிப் பார்த்து, கையிருப்பைக் கைவைக்காமல் காப்பதே உரிமையாளரின் முதற்கடமை.